இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே கறுப்பு ஒயர்

என் வயதுக்காரர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். மேஜைக்குப் பின்னால் குப்புறப் படுத்து, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு, எந்த ஒயர் எதற்குள் போகிறது என்று தேடியவர்கள் நாம். முழங்கை முழுக்கத் தூசி, மூக்கில் சூடேறிய பெட்டியின் வாசனை, முதுகுக்குப் பின்னாலிருந்து "தொடாதே!" என்று ஒரு அதட்டல். இன்று என் மகள் அலமாரியில் உட்கார்ந்திருக்கும் ஒரு உருண்டையைப் பார்த்துப் பாடு என்கிறாள், அதுவும் பாடிவிடுகிறது. பாட்டு எந்த வழியாக வந்தது, எந்த வழியாகத் திரும்பிப் போனது என்று அந்த வீட்டில் கேட்பவள் நான் ஒருத்திதான். கேட்டால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஒயர் ஒன்று கழன்றதால் எங்கள் வீடே வாயடைத்துப்போன ஒரு குளிர்காலத்தை நான் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் விடமாட்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். டெல்லி ஆர்.கே.புரத்தில் அரசாங்கக் குவார்ட்டர்ஸ், இரண்டாவது மாடி. அப்பா ஒரு அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். அவருக்கும் அம்மாவுக்கும் தென்காசிப் பக்கம். வீட்டுக்குள் தென்காசித் தமிழ், படிக்கட்டில் ஹிந்தி, பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் என்று மூன்றையும் அரைகுறையாகக் கற்றுக்கொண்டு வளர்ந்தவள் நான். அண்ணன் தம்பி கிடையாது. பிடிவாதம் மட்டும் நாலு பிள்ளைகளுக்கு உள்ளதை எனக்கே கொடுத்துவிட்டான் கடவுள். "இவ பிடிச்ச முயலுக்கு மூணு காலு" என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். எனக்கு அது பாராட்டு மாதிரிதான் கேட்கும்.

அப்பாவுக்குப் பாட்டுப் பெட்டி மேல் ஆசை. மொத்தமாக ஒரு செட்டாக வாங்காமல் துண்டு துண்டாகச் சேர்த்தார். ஊர் மாற்றலாகிப் போன அலுவலக நண்பர் ஒருவரிடமிருந்து வெள்ளி நிற ஆம்ப்ளிஃபயர். டெல்லி செங்கோட்டைக்கு எதிரே இருக்கும் கடைத்தெருவில் பல ஞாயிற்றுக்கிழமைகள் அலைந்து ஒரு கறுப்பு கேசட் டெக். ஸ்பீக்கர்களுக்கு மட்டும் தச்சரிடம் சொல்லி மரப்பெட்டி செய்தார். ஒன்று மற்றதைவிட விரல் அகலம் உயரம் கூடிவிட்டது. அம்மா இரண்டுக்கும் மயில் போட்ட குரோஷா உறை பின்னி மாட்டினாள், உயரம் தெரியாமல் போயிற்று.

இவற்றையெல்லாம் சேர்த்துக் கட்டிய அன்று அப்பா ஷேவிங் பிளேடோடு தரையில் உட்கார்ந்தார். ஆம்ப்ளிஃபயரின் முதுகில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒரு சிவப்புத் திருகாணி, ஒரு கறுப்புத் திருகாணி. சிவப்பில் சத்தம் போகும், கறுப்பில் திரும்பி வரும் என்று எனக்குச் சொன்னார். ஒரு ஸ்பீக்கர் ஹாலின் இந்த மூலையில். இன்னொன்று வாசல்படி தாண்டி எதிர் மூலையில். அங்கே போவதற்குள் ஒயர் குறைந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் கடைக்குப் போய் இன்னும் கொஞ்சம் வாங்கி வந்திருப்பார்கள். அப்பா யோசித்தார்.

"கறுப்பு ரெண்டும் ஒரே எடத்துக்குத்தான வருது? போவயில தனித்தனியாப் போவட்டும். வரயில ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸுல வரட்டும்" என்றார்.

அவரும் அலுவலகத்திலிருந்து சார்ட்டர்ட் பஸ்ஸில் கூட்டத்தோடு வருகிறவர், அந்தக் கணக்கு அவருக்கு நியாயமாகப் பட்டது. இரண்டு ஸ்பீக்கர்களின் கறுப்பு ஒயர்களையும் வாசல்படி அருகே ஒன்றாக முறுக்கி, அதிலிருந்து ஒரே ஒரு கறுப்பு ஒயரை ஆம்ப்ளிஃபயருக்கு இழுத்தார். சுற்றுவதற்குக் கறுப்பு டேப் இல்லை. டிஸ்பென்சரியில் எந்த வியாதிக்குப் போனாலும் கேட்காமலே கொடுக்கும் வெள்ளைப் பிளாஸ்திரி வீட்டில் நிறைய இருந்தது. அதைச் சுற்றினார். அடிபட்ட விரலுக்குக் கட்டுப் போட்ட மாதிரி இருந்தது. அதன் மேல் ஜமுக்காளத்தை இழுத்து மூடினார். சொன்னால் நம்பமாட்டீர்கள், சத்தம் பிரமாதமாக வந்தது.

சத்தத்தைக் கூட்டும் குமிழில் அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டிவைத்தார். அந்தச் சிவப்புப் பொட்டுக்கு மேல் திருகக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். அக்கம்பக்கத்தாருக்காக என்றார். உண்மையில் அது அம்மாவுக்காக.

அம்மா பாடுவாள். பாடுவாள் என்று சொல்வது தப்பு, பாடிக்கொண்டிருந்தாள். மலை மந்திர் முருகன் கோயில் உற்சவத்திலும் தமிழ்ச் சங்கத்தின் விழாக்களிலும் அவள் பாடாத வருஷம் கிடையாது. பிறகு தொண்டையில் ஒரு கட்டி வந்தது. குரல் நரம்பைச் சுற்றியே அது வளர்ந்திருந்தது. எடுத்தால் உயிர் தங்கும், குரல் தங்காது என்று டாக்டர் முன்னாலேயே சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்கு முன்னால் அம்மா ஒரே ஒரு கச்சேரி செய்தாள். இதுதான் கடைசி என்று அவளுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும், வயலின்காரருக்கும் மிருதங்கக்காரருக்கும் தெரியும். கேட்க வந்தவர்களுக்குத் தெரியாது.

எங்களுக்கு மேல் மாடியில் அப்போது ஒரு பெங்காலி அங்கிள் இருந்தார். ஒலிப்பதிவுதான் அவருக்கு வேலை. அவர் வந்து, ஒரே கம்பில் இரண்டு மைக்கைப் பெருக்கல் குறி மாதிரி கட்டி, அம்மாவுக்கு நேர் எதிரே நிறுத்தி அந்தக் கச்சேரியைப் பதிவு செய்தார். இடது ஸ்பீக்கரில் வயலின், வலது ஸ்பீக்கரில் மிருதங்கம், இரண்டுக்கும் நடுவே சுவரிலிருந்து வருகிற மாதிரி அம்மா. ஒற்றை கேசட். அங்கிள் கல்கத்தாவுக்கு மாற்றலாகிப் போய்விட்டார். நகல் எடுக்கவேண்டும், எடுக்கவேண்டும் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவுக்குப் பேச்சு வந்தது, ஆனால் காய்ந்த இலையைக் கையில் கசக்குகிற மாதிரி ஒரு சத்தம்தான். அது அவளுக்கே பிடிக்கவில்லை. கிசுகிசுப்பாகப் பேசினாள். தூரத்தில் இருப்பவர்களைக் கைதட்டிக் கூப்பிட்டாள். ஒரு தட்டு என்றால் வா, இரண்டு தட்டு என்றால் போதும், நிறுத்து. தெருவில் காய் வண்டிக்காரனைக் கூட அப்படித்தான் நிறுத்துவாள். அவனும் பழகிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா அந்த கேசட்டைப் போடுவார். வயலின் தொடங்கியதுமே அம்மா அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுவாள். பாட்டு முடிகிறவரை தண்ணீர் கொட்டும். அவளால் தன் குரலைக் கேட்கத் தாங்கவில்லை என்று அப்பா நினைத்தார், நானும் நினைத்தேன். ஆனாலும் அப்பாவால் போடாமல் இருக்க முடியவில்லை. அதனால்தான் அந்தப் பொட்டு. தனக்குக் கேட்க வேண்டும், அவளுக்குக் கேட்கக் கூடாது. பாவம், ஒரு மனிதர் எவ்வளவுதான் செய்வார்.

அந்த வருஷம் தீபாவளிக்கு முன்னால் குவார்ட்டர்ஸ் முழுக்கச் சுண்ணாம்பு அடிக்க ஆட்கள் வந்தார்கள். டெல்லியில் ஏழிலைப்பாலை பூக்கும் காலம் அது. சாயங்காலமானால் ஜன்னல் வழியாக அந்த வாசனை தலை கிறுகிறுக்கும்படி உள்ளே வரும். அதோடு ஈரச் சுண்ணாம்பின் வாசனையும் சேர்ந்துகொண்டது. எங்கள் வீட்டுச் சாமான் எல்லாவற்றையும் ஹாலின் நடுவில் குவித்துப் பழைய சேலை போட்டு மூடினார்கள். தகர டிரங்குப் பெட்டியை "ஜல்தி, ஜல்தி" என்று கத்திக்கொண்டு வாசல்படி மேல் தரதரவென்று இழுத்தார்கள். அப்பா ஆம்ப்ளிஃபயரின் திருகாணிகளிலிருந்து ஒயர்களைக் கழற்றிச் சுருட்டிவைத்தார். எல்லாம் முடிந்ததும் சிவப்பைச் சிவப்பிலும் கறுப்பைக் கறுப்பிலும் மறுபடி மாட்டினார். ஜமுக்காளத்தை விரித்தார். குரோஷா உறைகளைத் துவைத்துப் போட்டாள் அம்மா.

அடுத்த ஞாயிறு அப்பா குளித்து, விபூதி பூசி, கேசட்டைப் போட்டார். அடுப்படியில் குழாய் திறந்தது. வயலின் வந்தது. மிருதங்கம் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துக்கொண்டது. அம்மா எடுக்க வேண்டிய இடம் வந்தது. எடுக்கவில்லை.

வயலின் யாருக்கோ பின்னால் போவது போலப் போய்க்கொண்டிருந்தது. மிருதங்கம் யாருக்கோ வாசித்துக்கொண்டிருந்தது. எங்கோ குளியலறைக்குள்ளிருந்து வருகிற மாதிரி லேசான ஒரு முணுமுணுப்பு, அவ்வளவுதான். அப்பா குமிழைத் திருகினார். வயலின்தான் பெரிசாகியது. முன்னால் ஓட்டிப் பார்த்தார், பின்னால் ஓட்டிப் பார்த்தார். கூட்டத்தின் கைதட்டல் கூட இருந்தது. அம்மா இல்லை.

அடுப்படியில் குழாய் நின்றது. அம்மா கதவருகே வந்து ஈரக் கையோடு நின்றாள். அப்பா அவளைப் பார்த்தார். அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா கேசட்டை எடுத்து அதன் டப்பாவுக்குள் வைத்து மூடினார். பிளக்கைப் பிடுங்கினார். பெட்டிகள் மேல் ஒரு போர்வையைப் போட்டார். அன்றோடு வீட்டிலிருந்த மற்ற கேசட்டுகளுக்கும் விடுமுறை.

அன்று சாயங்காலம் பால் பூத்துக்குக் கூடவே அழைத்துப்போன அப்பா, "அம்மாகிட்ட அந்தக் கேசட்டப் பத்தி ஒண்ணும் கேக்காத, என்ன?" என்றார். ஏன் என்று கேட்டேன். "கேக்காதன்னா கேக்காத."

மறுநாள் தலை பின்னும்போது அம்மா என் காதருகே, "அப்பாகிட்ட அதப் பத்திப் பேசாதட்டி. அவரு பாவம்" என்று கிசுகிசுத்தாள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. குரலைக் காணோம். கண்டுபிடிக்கவேண்டாமா? யாரிடமும் கேட்கக் கூடாது என்றால் என்ன வீடு இது? அதைவிட ஒரு சந்தேகம் என்னை உறுத்தியது. கேசட்டில் அழித்தால் எல்லாம்தானே அழியவேண்டும்? வைத்த சாம்பாரிலிருந்து உப்பை மட்டும் யாராவது பொறுக்கி எடுக்க முடியுமா? வயலினை விட்டுவிட்டு, மிருதங்கத்தை விட்டுவிட்டு, கைதட்டலைக் கூட விட்டுவிட்டு அம்மாவை மட்டும் எப்படி எடுக்க முடியும்? இந்தச் சின்னக் கணக்கு அவர்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. பெரியவர்களுக்குத் துக்கம் வந்துவிட்டால் புத்தி வேலைக்குப் போகாது என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. இன்று நானும் அப்படித்தான் இருக்கிறேன்.

எங்கள் பிளாக்குக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் ஒரு அம்மாள் துணி இஸ்திரி போடுவாள். புதுப் பெட்டிகள் வந்தபோது எங்கள் பழைய டூ-இன்-ஒன்னை அப்பா அவளுக்குத்தான் கொடுத்திருந்தார். அதில் ஸ்பீக்கர் ஒன்றே ஒன்று. ரேடியோ ஒழுங்காகப் பாடும். கேசட் போட்டால் தின்றுவிடும். நாடாவை உள்ளே இழுத்து, குடலை உருவினாற்போலச் சுருள் சுருளாக வெளியே தள்ளும். அதனால்தான் கொடுத்தார்.

பள்ளிக்கூடப் பைக்குள் அம்மாவின் கேசட்டை வைத்துக்கொண்டு அங்கே போய் நின்றேன். வேறு யாரிடமாவது டேப் ரிகார்டர் கேட்டிருக்கலாம். ஆனால் பக்கத்து வீட்டு மாமிகளிடம் கேட்டால் விஷயம் அம்மாவுக்கு முன்னால் பெண்கள் கூடும் லானில் போய் உட்கார்ந்திருக்கும். ஒரே கேசட். இந்தப் பெட்டி தின்றுவிட்டால் முணுமுணுப்பும் போச்சு. ஆனால் குரல் உள்ளே இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் திரும்பிப் போவதற்கும் எனக்கு மனமில்லை.

"கேசட் மத் டால் பேட்டா, கா ஜாயேகா" என்று, போடாதே, தின்றுவிடும் என்று அவளே எச்சரித்தாள்.

மூடியைத் திறந்தே வைத்துக்கொண்டு, நிறுத்தும் பொத்தானில் விரலை ஊன்றியபடி ஓடவிட்டேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நாடாவையே பார்த்தேன். கர்ர் என்று ஒரு சத்தம். பிறகு வேப்பமரத்தடி முழுக்க அம்மா.

சத்தியமாகச் சொல்கிறேன், அழுதுவிட்டேன். கரகரத்த அந்த ஒற்றை ஸ்பீக்கரில், வயலினும் மிருதங்கமும் ஓரத்துக்கு ஒதுங்கிக்கொள்ள, நடுவில் கணீரென்று நின்றாள். இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு அந்த அம்மாள் நிமிர்ந்தாள்.

"யே கிஸ்கி ஆவாஸ் ஹை?" இது யார் குரல் என்று கேட்டாள்.

"மம்மி கி" என்றேன்.

"தேரி மம்மி? வோ தோ போல்தி பீ நஹீ!" பேசக்கூட மாட்டாளே என்று அவளுக்கு ஆச்சரியம். அதற்குள் நாடா லேசாக நெளிந்தது. நிறுத்தினேன். உள்ளே போகவிருந்த சுருளைப் பென்சிலால் மெள்ள, மெள்ளச் சுற்றி மீட்டேன். கேசட் பிழைத்தது. அம்மா உள்ளேதான் இருக்கிறாள். குற்றம் எங்கள் வீட்டுப் பெட்டிகளில்.

ஓடிப்போய்ச் சொல்லத்தான் பார்த்தேன். அப்பா ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். "அப்பா, அந்தக் கேசட்ல அம்மா" என்று தொடங்கினேன். "விடுட்டி. அத நெனச்சா அம்மாவுக்குக் கஷ்டமா இருக்கும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுப்படிக்குப் போய், "அம்மா, கேசட் நல்லாத்தான் இருக்கு" என்றேன். இரண்டு தட்டு. போதும், நிறுத்து. சரி, இவர்களிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை, பாட வைத்துக் காட்டுவோம் என்று முடிவு செய்தேன். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு?

டெல்லிக் குளிர்காலத்தில் மத்தியான வெயில் பொன் மாதிரி. குவார்ட்டர்ஸ் பெண்கள் எல்லாரும் லானில் பாய் விரித்துப் பட்டாணி உரிப்பார்கள், ஸ்வெட்டர் பின்னுவார்கள், முள்ளங்கியை உப்பில் தொட்டுத் தின்பார்கள். அம்மாவும் கம்பளி நூலோடு போய் உட்காருவாள். பேச்சு வேண்டாத இடம் அது, கேட்டாலே போதும். பள்ளி விட்டு வந்தால் எனக்கு வீடு முழுக்கத் தனி.

போர்வையை விலக்கினேன். டெக்கின் தலையைப் பஞ்சில் ஒடிகொலோன் தொட்டுத் துடைத்தேன். பலனில்லை. இடது ஒயரை வலதில் மாட்டினேன். ஒரு மாற்றமும் இல்லை, அம்மா வரவில்லை. டெக்கிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். ஒரு உறுமல் வந்தது, பயந்து அணைத்தேன். அன்று ஆம்ப்ளிஃபயரின் முதுகில் திருகாணி கீறி விரலில் ரத்தம் வந்தது. அம்மா பார்த்து என்ன என்று கண்ணால் கேட்டாள். பென்சில் சீவினேன் என்றேன். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்களே, எனக்கு அம்மியும் நகரவில்லை, ஆணியும் அசையவில்லை. ஆனாலும் மறுநாள் மத்தியானம் மறுபடி போர்வையை விலக்கினேன்.

அன்றைக்குத்தான் ஒரு விஷயம் நடந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே வலது ஸ்பீக்கரின் சிவப்பு ஒயரைக் கழற்றினேன். வலது பக்கம் ஊமையாகவேண்டும், சரி. இடது பக்கமும் சேர்ந்து ஊமையானது. மாட்டினேன், இரண்டும் பாடின. இடதைக் கழற்றினேன், மறுபடி இரண்டும் செத்தன. தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒன்றைப் பிடுங்கினால் இன்னொன்று ஏன் சாகவேண்டும்? அது தனி, இது தனி அல்லவா? அப்படியானால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கின்றன. அதன் சத்தம் இதன் வழியாகவும் இதன் சத்தம் அதன் வழியாகவும்தான் திரும்புகிறது. வரயில ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸுல வரட்டும். பஸ் வரவில்லை!

கறுப்பு ஒயரை ஆம்ப்ளிஃபயரிலிருந்து விரலால் தொட்டுக்கொண்டே போனேன். திருகாணியில் கெட்டியாக இருந்தது. சுவரோரமாகப் போய் ஜமுக்காளத்துக்குக் கீழே நுழைந்தது. ஜமுக்காளத்தைப் புரட்டினேன். வாசல்படி அருகே அப்பாவின் பிளாஸ்திரிக் கட்டு. அதன் மேல் சுண்ணாம்புத் துளிகள் காய்ந்து கிடந்தன. பார்த்தால் அருமையாக இருந்தது, ஒரு பிரி கூட அவிழவில்லை. பார்த்து ஏமாந்துவிடுவோமா? நகத்தால் கிள்ளிக் கிள்ளிப் பிரித்தேன். உள்ளே இரண்டு ஸ்பீக்கர்களின் கறுப்பு ஒயர்களும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு பத்திரமாக இருந்தன. ஆம்ப்ளிஃபயரிலிருந்து வந்த மூன்றாவது ஒயர் மட்டும் அந்த முறுக்கிலிருந்து உருவிக்கொண்டு, பிளாஸ்திரிக்குள்ளேயே தனியாகப் படுத்திருந்தது. டிரங்குப் பெட்டியை இழுத்தபோது உருவியிருக்கவேண்டும்.

ஏன் அம்மாவை மட்டும் காணோம் என்பது பல வருஷம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. திரும்பும் வழி இல்லாதபோது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும் சத்தம் ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ளி நின்றுவிடும். ஒரு பக்கம் மட்டும் வருவது தப்பித்துக்கொள்ளும். வயலின் ஒரு ஓரம், மிருதங்கம் ஒரு ஓரம், தப்பித்தன. நட்ட நடுவில் நின்று இரண்டு பக்கத்துக்கும் சமமாகப் பாடியவள் அம்மா.

அன்று இதெல்லாம் தெரியாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நகவெட்டியால் ஒயரின் தோலைச் சீவி, மூன்றையும் சேர்த்து முறுக்கி, புதுப் பிளாஸ்திரியை இறுக்கிச் சுற்றினேன். பிளக்கைச் செருகினேன். குமிழைப் பொட்டுக்கு நேராக வைத்தேன். வயலின், மிருதங்கம். அம்மா எடுக்க வேண்டிய இடம். எடுத்தாள்.

நான் கத்தவில்லை, குதிக்கவில்லை. இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவில், அவள் இருந்த இடத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டேன்.

நூல் உருண்டை தீர்ந்து இன்னொன்று எடுக்க மேலே வந்திருக்கிறாள் அம்மா. எப்போது கதவைத் திறந்தாள் என்று எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தபோது பின்னல் ஊசிகளைக் கையில் பிடித்தபடி வாசல்படியில், அந்தக் கட்டின் பக்கத்திலேயே நின்றிருந்தாள். இரண்டு தட்டு வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. செருப்பைக் கூடக் கழற்றாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முழங்காலில் விரல்கள் தாளம் போட்டன. பாட்டு ஒரு இடத்தில் மேலே ஏறியபோது முகத்தைச் சுளித்தாள்.

"இந்த எடத்துல அவசரப்பட்டுட்டேன்" என்றாள், தன் காய்ந்த குரலில். "வயலின் அண்ணாச்சிதான் பிடிச்சு நிறுத்துனாரு."

அப்பா வருகிற நேரம்வரை நாங்கள் எழுந்திருக்கவில்லை. கேசட்டை மறுபடி முதலிலிருந்து போட்டிருந்தேன். படிக்கட்டில் அப்பாவின் காலடி வழக்கமாக மெதுவாக வரும். அன்று பாதி மாடியில் நின்றது, பிறகு ஓடி வந்தது. டிபன் பையைத் தோளிலேயே மாட்டியபடி உள்ளே வந்து நின்றார். பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் அம்மாவைப் பார்த்தார்.

"ஏளா, நீ அழிக்கலையா?" என்றார்.

அம்மா திகைத்துப்போனாள். "நானா? நீங்கதான அழிச்சீங்க? நான் அடுப்படியில அழுததப் பாத்துட்டு, இனிமே இவ அழ வேண்டாம்னு."

"நான் எங்க பாத்தேன்? உனக்குத்தான் கேக்கவே பிடிக்காதே. குழாயத் தொறந்து விட்டுருவ. தாங்க முடியாம நீ என்னத்தையோ அமுக்கிட்டன்னுல்லா நெனச்சேன்."

"குழாயத் தொறந்தது நான் கேக்காம இருக்கதுக்கா?" என்றாள் அம்மா. அவ்வளவு நீளமாக அவள் பேசி நான் கேட்டு நாளாகியிருந்தது. ஒவ்வொரு சொல்லும் சிராய்த்துக்கொண்டு வந்தது. "நான் அழுதது உங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னு. ஒரு ஞாயித்துக்கிழமை விடாம நின்னு கேட்டிருக்கேன். நீங்கதான் பொட்ட ஒட்டி வச்சுட்டீங்களே, சுவத்துல காத வச்சுல்லா கேக்க வேண்டியிருந்துது."

அப்பா ஜமுக்காளத்தின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார். நான் அந்தப் பிளாஸ்திரிக் கட்டை எடுத்துக் காட்டினேன். புதுப் பிளாஸ்திரியை விரலால் தடவிப் பார்த்தார். "நான் கட்டுனதுதான் விட்டுட்டு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். என்னைத் திட்டவும் இல்லை, மெச்சவும் இல்லை. அவர் கண் நிறைந்திருந்ததை நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

ஒருவர் செய்யாததை மற்றவர் செய்ததாக நம்பி, அதற்காகக் கோபப்படாமல் மன்னித்தும் விட்டு, வாயைத் திறக்காமல் ஒரே வீட்டில் நடமாடியிருக்கிறார்கள். இவ்வளவு அன்பு இருந்தும் ஒரு கேள்வி கேட்கத் தெரியவில்லையே என்று இப்போதும் எனக்குக் கோபம் வரும். அந்தப் பெட்டிகள் இன்று இல்லை. டெக் துரு பிடித்தது, ஆம்ப்ளிஃபயரை யாரோ வாங்கிப் போனார்கள். டெல்லியிலேயே துவாரகாவுக்கு வீடு மாறியபோது கேசட்டையும் நகவெட்டியையும் மட்டும் நான் என் கையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

அன்றைய சாயங்காலத்துக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. அப்பா ஷூவைக் கழற்ற, அம்மா காப்பி போட எழுந்து அடுப்படிக்குப் போனாள். பழக்க தோஷத்தில் அப்பா குமிழைக் குறைக்கச் சொல்லி எனக்குச் சைகை காட்டினார். குறைத்தேன். அடுப்படியில் குழாய் திறக்கும் என்று இரண்டு பேரும் காத்திருந்தோம். பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. தீப்பெட்டி உரசும் சத்தம் கேட்டது. குழாய் திறக்கவில்லை.

கைதட்டலும் வரவில்லை. காய்ந்து, உடைந்து, மேலேறும்போது பிசிறடித்து, ஆனால் சுவரைத் தாண்டிப் படிக்கட்டுவரை கேட்கும்படி அம்மாவின் குரல் வந்தது.

"ஏட்டி! சத்தத்தக் கூட்டு!"

அப்பாவைக் கேட்காமல் குமிழைப் பொட்டைத் தாண்டித் திருகினேன்.